துண்டுக்கடியில் இருந்த கை

முதல் சொட்டு விழப்போகிறது என்று தெரிந்ததும் நாச்சிமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டார், பார்க்காவிட்டால் விழாது என்பதைப்போல. விழுந்துதான் இருக்க வேண்டும், இடது கையில் ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டியிருந்த இடத்திலிருந்து ஒரு சில்லிப்பு மெல்ல மேலே ஏறி வந்தது, ஐஸ் பெட்டியில் கிடந்த ரத்தம், நேற்றோ முந்தாநாளோ யார் உடம்பிலோ சூடாக ஓடிக்கொண்டிருந்த ரத்தம், இப்போது மத்தியானம் ஒன்றரை மணிக்கு, மேலே காற்றாடி கடகடவென்று அடித்துக்கொள்ள, பக்கத்துக் கட்டில்காரன் தூக்குப்போசியைத் திறந்த சாம்பார் வாசத்தோடு சேர்ந்து அவருக்குள்ளே போகிறது. இது மூன்றாவது பை. முதல் பை முந்தாநாள், அரை மணி தாண்டவில்லை, கட்டிலோடு சேர்த்து அவரைத் தூக்கித் தூக்கிப் போட்டது, பல் கிட்டித்துக்கொண்டது, பிடுங்கி எறிந்தார்கள். இரண்டாவது பை நேற்று, முழுசாக இறங்கியது, ஆகா என்று இருந்தார், விடிந்ததும் ஒன்றுக்குப் போனால் கருப்பட்டிக் காப்பியாக வந்தது. அவ்வளவையும் உள்ளே விட்டுக் கொன்றுவிட்டு வெளியே கொட்டியிருக்கிறது உடம்பு. பன்னிரண்டு பதிமூன்று கிராம் இருக்க வேண்டிய ரத்தம் நாலுக்கும் கீழே. இன்று காலையில் டாக்டரம்மா, சின்ன வயசு, மூக்குக்கண்ணாடி, ஃபைலைப் புரட்டிக்கொண்டே, "இதுவும் ஒத்துக்கலைன்னா…" என்றாள். அவ்வளவுதான், மீதியைச் சொல்லவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். முப்பத்தைந்து வருசம் சந்தையில் நின்று, எதிராளி பாதியில் நிறுத்திய பேச்சுக்கு மீதி என்னவென்று அவன் தொண்டைக்குழியைப் பார்த்தே சொல்லிவிடுகிற ஆள் அவர், அவருக்கு அந்த மீதி தெரியாமலா இருக்கும். தெரிந்தும் மறுபடி மறுபடி அங்கேயே போய் முட்டிக்கொண்டு நின்றது மனசு. ஒத்துக்கலைன்னா. ஒத்துக்கலைன்னா. "அய்யா, கண்ணைத் திறங்க, கால் மணி நேரம் நான் இங்கதான் நிப்பேன்," என்றாள் நர்ஸ் செலின், நாகர்கோயில் பக்கத்துப் பெண், குரலில் எப்போதும் ஒரு சிரிப்பு. "நிமிசத்துக்கு எத்தனை சொட்டும்மா விடறே?" "இருபதுய்யா." "பத்துல முடிச்சுக்கலாம்." "பை நாலு மணி நேரத்துக்குள்ள காலியாகணும்யா, அதுக்கு மேல வெளியில இருந்தா ரத்தம் கெட்டுப்போகும்." "சரி, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், பதினெட்டு." கால்மாட்டில் நின்ற பாவாத்தாள், "இங்க வந்துமா பேரம்?" என்று முந்தானையால் வாயை மூடினாள். முப்பத்திரண்டு வருசத்துப் பொண்டாட்டி, அவள் சிரித்தாளா அழுதாளா என்று முந்தானைக்கு மேலே தெரிந்த கண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. செலின் குழாயில் இருந்த உருளையை ஏதோ திருகினாள், திருகின மாதிரி பாவனை பண்ணினாளோ என்னவோ. "பதினெட்டு வெச்சாச்சுய்யா. சந்தோசமா?" விலை படிந்துவிட்டது என்ற நிம்மதி ஒரு கணம் வந்தது. யாரோடு படிந்தது என்றுதான் தெரியவில்லை.

நடுங்கினால் உடனே கூப்பிட வேண்டும், அதுதான் காவல். நடுக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே கைக்குத் தெரியும், அதனால் யாராவது ஒருத்தர் அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டே இருக்கணும் என்று செலின் சொல்லியிருந்தாள். கட்டிலை ஒட்டி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சிவப்புக் கம்பளிக்கு அடியில் கையை விட்டு, பாவாத்தாள் பிடித்துக்கொண்டாள். துணிக்கு அடியில் ஒரு கை இன்னொரு கையைத் தேடிப் பிடிப்பது. அவர் பிழைப்பே அதுதான். மாடு நிற்கும், வாங்குகிறவன் நிற்பான், விற்கிறவன் நிற்பான், சுற்றிலும் வேடிக்கை பார்க்க நாற்பது பேர் நிற்பார்கள், தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இரண்டு தரகர்களும் கைமேல் போட்டுக்கொண்டால் அதற்கப்புறம் பேச்சு விரலுக்கும் விரலுக்கும்தான். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, கையை மொத்தமாகப் பிடித்தால் ஐந்து. வாய் வேறெதையாவது பேசிக்கொண்டிருக்கும், மழை பெய்ஞ்சுதா உங்க பக்கம், பையனுக்குப் பொண்ணு அமைஞ்சுதா. கண் எதிராளியின் முகத்தில் நிற்கும், முகத்தில் ஒன்றும் இருக்காது. பார்ப்பது கை, தொட்டுப் பார்ப்பது. டாக்டரம்மா நோயை விளக்கிச் சொன்னபோது அதனால்தான் முதுகெல்லாம் சில்லிட்டுப் போனது, ரத்தம் உள்ளே போவதற்கு முன்னாலேயே. அவள் அவருக்குப் புரியட்டும் என்று நிதானமாகத்தான் சொன்னாள். "ஆந்திரா மலைப்பக்கம் மாடு பிடிக்கப் போய் மலேரியாவோட வந்தீங்க இல்லீங்களா, அது குணமாயிருச்சுங்கய்யா. ரத்தத்துல அந்தக் கிருமி ஒண்ணுகூட இல்ல." "அப்புறம் எதுக்கு எனக்கு இந்தப் பாடு?" "அந்தக் கிருமி சிவப்பணுக்குள்ள போய் உக்காரும். அதை அடிக்க உங்க உடம்பு ஆயுதம் செஞ்சுது, ஆன்டிபாடின்னு பேரு. அதுக்குக் கண்ணு கிடையாது. தடவித்தான் பாக்கும். கிருமி மேல ஒரு சின்ன மேடு இருக்குன்னு வெச்சுக்கோங்க, அதே மாதிரி ஒரு மேடு உங்க சொந்த ரத்த அணு மேலயும் இருக்கு. தடவிப் பாத்துட்டு இவனேதான்னு பிடிச்சுக்குது. எல்லாருக்கும் இப்படி ஆகாது, அபூர்வமா யாருக்காவது. உங்களுக்கு ஆயிருச்சு. இப்ப கிருமி இல்ல, சண்டை மட்டும் இருக்கு." சண்டையை அடக்க மாத்திரை கொடுத்திருக்கிறாள், காலையில் கைநிறைய. அது வேலை செய்யச் சில நாள் ஆகுமாம், அதுவரை உயிரைப் பிடித்துவைக்கத்தான் பை. "இந்த மாத்திரை கொஞ்சம் கோபத்தைக் கூட்டும்," என்று டாக்டரம்மா சொன்னதும் பாவாத்தாள், "இதுக்கு மேலயுங்களா?" என்று கேட்டுவிட்டாள், வார்டே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, தடவித்தான் பாக்கும், தடவித்தான் பாக்கும் என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது, இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ராக்கியப்பன். பேரை நினைத்ததுமே வலது உள்ளங்கையில் அந்த இடம், சுண்டுவிரல் மேட்டுக்கும் கட்டைவிரல் மேட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளம், ஊறலெடுத்தது. வேலந்தாவளத்து ராக்கியப்பன், வெற்றிலைக் காவி பல், கழுத்தில் கறுப்புக் கயிறு, துண்டுக்கடியில் கையை விட்டதும் கடைசி விலை சொல்வதற்கு முன்னால் கட்டைவிரலால் எதிராளியின் உள்ளங்கையை ஒரு தடவை வழித்துவிடுவான், சிலேட்டை அழிக்கிற மாதிரி. இதுவரை பேசினதெல்லாம் போகட்டும், இதோ இதுதான் முடிவு என்று அர்த்தம். இருபத்திரண்டு வயசு நாச்சிமுத்துவுக்கு. அப்பன் இல்லை, நிலமில்லை, மாட்டுக்குத் தண்ணி காட்டி, சாணி அள்ளி, அடியும் உதையும் வாங்கிச் சேர்த்துவைத்திருந்த அத்தனையும் கொண்டுபோய் முதன்முதலாகச் சொந்தமாக ஒரு ஜோடிக் காளைக்குத் துண்டு போட்டார். அந்தக் கட்டைவிரல் வழித்தது. விலை படிந்தது. வீட்டுக்கு ஓட்டிவந்த மூன்றாம் நாள் ஒரு காளை முன்னங்காலை மடித்து உட்கார்ந்தது, எழுந்திருக்கவே இல்லை. வீக்கம் தெரியாமலிருக்க ஊசி போட்டு நிறுத்தியிருந்திருக்கிறான். போய்ச் சட்டையைப் பிடித்தபோது ராக்கியப்பன் சிரித்தான், "கையில படிஞ்ச விலைக்குக் கண்ணுல அழுது என்னடா பண்றது, கண்ணு." கண்ணு என்றான். செல்லமாக. அன்றைக்குக் கற்றுக்கொண்டதை மூளை கற்றுக்கொண்டதா, கை கற்றுக்கொண்டதா? அதற்கப்புறம் யாரும் அவரை ஏமாற்றியதில்லை, பொள்ளாச்சியிலிருந்து மணப்பாறை வரைக்கும் நாச்சிமுத்து கையென்றால் ஒரு பயம் இருந்தது, எதிராளி விரல் ஒரு நெல்முனை தயங்கினாலும் தெரிந்துவிடும், கெட்ட மாட்டைக் கைகுலுக்கலிலேயே கண்டுபிடிப்பார் என்பார்கள். ராக்கியப்பன் செத்துப் பத்து வருசமாயிற்று. எழவுக்கே போயிருந்தார் இவர். மாலை போட்டார். பாடையில் படுத்திருந்தவனின் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள், அதையே பார்த்துக்கொண்டு நின்றார், ஆள் நகரச் சொல்லும்வரை. செத்துட்டான். கிருமி ஒண்ணுகூட இல்ல. அப்படியானால் இந்த உள்ளங்கை யாரோடு இன்னும் மல்லுக்கு நிற்கிறது?

"குளிருதுங்களா?" பாவாத்தாளின் விரல்கள் இறுகின. "இல்ல." "கை ஆடின மாதிரி இருந்துச்சு." "ஊறலு." ஊறல் என்றதும் செலின் ஓடிவந்து கையைத் தூக்கி, சட்டையை நகர்த்தி, மார்பு, கழுத்தெல்லாம் தடிப்பு இருக்கிறதா என்று பார்த்தாள், கக்கத்தில் காய்ச்சல் கம்பி வைத்தாள், மணிக்கட்டைப் பிடித்துச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். அந்த அரை நிமிசம் முழுவதும் நாச்சிமுத்து அவள் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்லய்யா. நல்லாத்தான் போயிட்டிருக்கு." போய்க்கொண்டிருக்கிறது. எது, எவனுடையது? பதினோரு பேருடைய ரத்தத்தை எடுத்து இவர் ரத்தத்தோடு கலந்து பார்த்தார்களாம், பதினொன்றோடும் சண்டை, இருக்கிறதிலேயே குறைவாகச் சண்டை போட்டது இந்தப் பைதானாம். பதினோரு பேர் யார் என்று காலையில் பாவாத்தாளைக் கேட்டார். சம்பந்தி வீட்டுப் பையன்கள், லாரி டிரைவர், சந்தையில் கூட நிற்கிறவர்கள் என்று விரல்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தவள் பத்தில் நின்றுவிட்டாள். "அப்புறம்?" "அப்புறம் யாரோ." "யாரோன்னா?" "யாரோன்னா யாரோதானுங்க, ஆசுபத்திரியில வந்து குடுத்தவங்க பேரெல்லாம் எனக்கெப்படித் தெரியும்," என்று பிளாஸ்கைத் திறந்து மூடினாள். திறந்தாள், உள்ளே பார்த்தாள், மூடினாள். காப்பி ஊற்றவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது அவருக்கு. பதினொன்றாவது ஆள் அவன்தான். அவள் தம்பி. ஆறுக்குட்டி. பத்தொன்பது வருசமாக வீட்டில் உச்சரிக்கப்படாத பேர், அவள் பொறந்த வீட்டுக்குப் போகும்போது எங்கே போகிறேன் என்று சொல்லாமல் போவாள், வந்தால் யாரைப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டாள், இவரும் கேட்க மாட்டார், அப்படியே ஒரு பழக்கமாகிவிட்டது, காலில் தைத்த முள்ளைச் சுற்றிச் சதை வளர்ந்துவிடுகிற மாதிரி. இப்போது அவன் இந்தக் குழாயில் வருகிறான். பதினெட்டு சொட்டாக. சில்லென்று முழங்கையைத் தாண்டி, புஜத்தைத் தாண்டி, கக்கத்துக்குள் நுழைந்து நெஞ்சுக்குப் போகிறது அவன் ரத்தம், உள்ளே, அந்தகாரத்தில், கண்ணில்லாத அந்த ஆயுதங்கள் கையை நீட்டிக்கொண்டு வரிசையாக நின்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கின்றன. விடுங்கடா. அவனை விடுங்கடா, ஒருதரம் பண்ணினது போதும்.

வைகாசி மாசம் அது, சந்தையில் கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம், கால் வைத்தால் சாணி, இல்லையென்றால் ஆள். ஆறுக்குட்டிக்கு அப்போது முப்பது வயசு. அக்கா புருசனை நம்பித்தான் தொழிலுக்கு வந்தான், அடக்கமான பையன், குரலே எழும்பாது, ஆனால் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தால் அதன் வயசை மாசத்தோடு சொல்வான். அன்றைக்கு ஒரு காராம்பசுவுக்கு அவன் விற்கிறவன் பக்கம், இவர் வாங்குகிறவன் பக்கம். துண்டைப் போட்டார்கள். "மழை உண்டுங்களா மாமா உங்க பக்கம்?" என்று கேட்டான், பக்கத்து வீட்டில் இருந்துகொண்டே. இரண்டு பேரும் சிரித்தார்கள், சந்தையே பார்த்தது. இவர் இரண்டு விரலைப் பிடித்தார், அவன் மூன்றைத் திருப்பினான், இவர் இரண்டிலேயே நின்றார். அப்போது அவன் கட்டைவிரல் இவர் உள்ளங்கையை ஒரு தடவை வழித்தது. சிலேட்டை அழிக்கிற மாதிரி. அதற்கப்புறம் நடந்தது எதுவும் இவர் செய்ததில்லை என்று எத்தனை தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்கிறார், நான் பண்ணலை, கைதான் பண்ணுச்சு, கை என்னுடையதில்லையா என்ன. ஆள்காட்டி விரலைப் பிடித்து, அடியோடு, பின்பக்கமாக ஒரு திருகு. காய்ந்த முருங்கைக் குச்சி ஒடிகிற சத்தம். துண்டுக்கடியிலிருந்து வந்ததால் பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்கவில்லை. அதுதான், இந்த இடம்தான், எப்போது நினைத்தாலும் இந்த இடத்தில்தான் சக்கரம் பள்ளத்தில் இறங்கி நின்றுவிடுகிறது. துண்டு விழவில்லை. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். ஆறுக்குட்டி கத்தவில்லை, கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, வாய் பாதி சிரிப்பில் திறந்தபடி அப்படியே இருக்க, கண் மட்டும் பெரிசாகி, இவர் முகத்தையே பார்த்தான். சுற்றி நின்ற நாற்பது பேரும் விலை படியட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். "என்னப்பா, இன்னும் ஆகலியா, பசு கன்னு போட்டுரும் போலிருக்குதே," என்று எவனோ கேட்டான், எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஆறுக்குட்டி மெதுவாகக் கையை வெளியே எடுத்து, துண்டாலேயே சுற்றிக்கொண்டு, கூட்டத்தை விலக்கிப் போனான். இவர்தான் சத்தம் போட்டார், பின்னாலேயே, எல்லாருக்கும் கேட்கும்படி, திருட்டு நாயே, எங்கிட்டயேவா, ரெண்டு பக்கமும் வாங்கறியாடா, ராக்கியப்பன் வளத்துவிட்ட ஆளுதானே நீ என்று. ராக்கியப்பனை ஆறுக்குட்டி பார்த்ததுகூடக் கிடையாது. விரல் கோணிக்கொண்டு சேர்ந்தது, மடங்காது. மடங்காத விரலை வைத்துக்கொண்டு துண்டுக்கடியில் என்ன பேசுவது, பிடித்தானா விட்டானா என்று எதிராளிக்குக் குழப்பம், ஒருத்தனும் துண்டு போட வரவில்லை. பக்கத்து வீட்டைக் காலிபண்ணி ஊருக்கே போய், தென்னைநார் மில்லில் காவலுக்குச் சேர்ந்தான். இவர் ஒரு தடவை அந்த மில் வழியாக லாரியில் போனபோது கேட்டருகே நாற்காலியில் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான், லாரி நம்பரைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றான். மரியாதைக்கு. அடப்பாவி, நீ எதுக்குடா எழுந்து நிற்கிறே? அன்றைக்கு ஏன் வழித்தான்? என்ன சொல்லவந்தான்? பசுவுக்கு ஏதாவது குறை, எடுக்காதீங்க மாமா என்றா? இல்லை நிஜமாகவே வஞ்சகமா? வஞ்சகமாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஒவ்வொரு வருசமும் ராத்திரி பகலாக அவனை வஞ்சகனாக்கிப் பார்த்தார், ஒட்டவில்லை, அந்தப் பாதிச் சிரிப்பு ஒட்டவிடவில்லை.

பைக்குள் ரத்தம் பாதிக்கு இறங்கியிருந்தது. மூன்றரை மணி வெயில் ஜன்னல் கம்பி வழியாக வந்து பையின் மேல் விழுந்து, சிவப்பு கனகாம்பரமாகிக்கொண்டிருந்தது. பாவாத்தாள் மருந்துச் சீட்டோடு கீழே போக வேண்டியிருந்தது, கையை யார் பிடிப்பது என்று வாசலைப் பார்த்தாள், ஏதோ தலையசைத்தாள், போய்விட்டாள். இடது விலாவுக்குக் கீழே கனம், மண்ணீரல் வீங்கியிருக்கிறதாம். ஆன்டிபாடி பிடித்த அணுவையெல்லாம் அங்கேதான் கொண்டுபோய்ச் சேர்க்குமாம், அது தின்றுவிடுமாம். கறிக்குப் போகிற மாட்டுக்கு முதுகில் சிவப்புச் சாயம் அடிக்கிற மாதிரி, சாயம் அடித்த மாடு கேள்வியில்லாமல் லாரியில் ஏறும். ஒருதரம் அப்படி ஒரு கறவைப் பசு நெரிசலில் சாயத்தில் உரசிவிட்டது, அதன் கூட நின்ற கிழவன் சாயா குடிக்கப் போயிருந்தான், வந்து பார்த்தால் லாரி வேலந்தாவளத்து எல்லையைத் தாண்டிவிட்டது. மடி கனத்த பசு. அந்தக் கிழவன் கயிற்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பொழுதுசாயும்வரை அங்கேயே நின்றான். எல்லாமே சாயம்தான். ஒரு கோடு பட்டால் போதும். குளிர் வந்தது. இல்லை, வரவில்லை, வருகிறதா, கால் விரல் நுனியில் ஏதோ, அது காற்றாடிக் காற்று, காற்றாடிக்குக் கால்விரலா தெரியும், இது அதுதான், முந்தாநாளும் இப்படித்தான் தொடங்கியது, கால்விரலில் ஒரு எறும்பு, அப்புறம் முழங்கால், அப்புறம் பல். செலின் என்று கூப்பிட வாய் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். மூடின கண்ணுக்குள் துண்டு விரிந்தது, நாற்பது பேர் காத்துக்கொண்டு நின்றார்கள். ஸ்டூல் கிறீச்சென்று நகர்ந்தது. கம்பளியின் ஓரம் தூக்கப்பட்டு, ஒரு கை உள்ளே வந்தது, பாவாத்தாளுடையது அல்ல, பெரிய கை, சொரசொரப்பு, ஈரம். அது இவர் கையைத் தேடிப் பிடித்தது. நான்கு விரல் மடங்கி வந்தது. ஒன்று மடங்காமல் குச்சியாக இவர் மணிக்கட்டில் நின்றது.

கண்ணைத் திறக்கவில்லை, திறந்தால் முகத்தைப் பார்க்க வேண்டும், முகத்தில் என்ன இருந்தாலும் தாங்காது. தூரத்தில் ஒரு குழந்தை ஊசிக்கு அழுதது. நர்ஸ் சொன்னபடி நடுக்கம் வருகிறதா என்று பார்க்கத்தான் பிடித்திருக்கிறான், காவல் வேலை, பழகின வேலை. எத்தனை நேரம் போனதோ. அப்போது, கம்பளிக்கு அடியில், அந்தக் கட்டைவிரல் இவர் உள்ளங்கையை ஒரு தடவை வழித்தது. நாச்சிமுத்துவின் கை மூடிக்கொண்டது. அவர் மூடவில்லை, அது மூடிக்கொண்டது, நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கோணல் விரலை அடியோடு பிடித்து, பின்பக்கமாக, அதே திருகு. ஐயோ என்று உள்ளே கத்தினார். ஆனால் நாலு கிராம் ரத்தத்தில் திருகுவதற்கு என்ன இருக்கிறது, ஒரு அவரைக்காயைக்கூட ஒடிக்க முடியாத கை, சும்மா பிடித்துக்கொண்டு நடுங்கியது. அந்த விரல் இழுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கும் இழுத்துக்கொள்ளவில்லை. "குளிருதுங்களா மாமா? நர்ஸைக் கூப்பிடட்டுங்களா?" "வேண்டாம்." "கை நடுங்குதுங்க." "அது குளிரில்லீடா." கண்ணைத் திறந்தார். நரை, காக்கிச் சட்டை, மில்லிலிருந்து நேராக வந்திருக்கிறான், சட்டைப் பையில் விசில் தொங்கியது. அதே கண். "உன்ற ரத்தமாடா இது?" என்று பையைப் பார்த்தார். ஆறுக்குட்டி சங்கடமாகச் சிரித்தான். "எங்கீங்க மாமா. காலையில வரிசையிலதான் நின்னேன். சர்க்கரைக்கு ஊசி போடற ஆளுன்னதும் உன்ற ரத்தம் வேண்டாம்னுட்டாங்க. யாரோ காலேஜுப் பையனுதாம் அது, அக்கா சொல்லுச்சு." யாரோ. நிஜமாகவே யாரோ. மத்தியானம் பூராவும் நெஞ்சுக்குள் இவனென்று தொட்டுத் தொட்டுப் பார்த்து, இவனேதான் என்று அடையாளம் சொல்லிக்கொண்டிருந்ததும் பொய். சிரிப்பு வந்தது, விலா வலித்தது, கண்ணோரம் நனைந்தது. பத்தொன்பது வருசம் தொண்டையில் நின்றதைக் கேட்டுவிட வேண்டும், நாளைக்கு ஒன்றுக்குப் போகும்போது என்ன நிறமோ, நாளைக்கு என்று ஒன்று இருக்கிறதோ. "மாப்ள." "சொல்லுங் மாமா." "அன்னிக்குத் துண்டுக்கடியில என்ற கையை வழிச்சியே. இப்ப வழிச்ச மாதிரி. என்ன சொல்ல வந்தே?" ஆறுக்குட்டி புரியாமல் பார்த்தான். தன் கையை, கம்பளிக்கு மேலே எதுவும் தெரியாத இடத்தைப் பார்த்தான். "சொல்லவா? ஒண்ணும் சொல்ல வரலீங்களே. எனக்குக் கை வேர்க்குமுங்க மாமா, சின்ன வயசிலிருந்தே. ஈரக் கையில உங்க விரல் வழுக்குச்சு. கட்டைவிரலால தொடச்சுக்கிட்டேன்." குரலைத் தாழ்த்தி, தப்பு இவனுடையது மாதிரி, "இப்பவும் அதுதானுங்க," என்றான்.

காற்றாடி சுற்றியது. செலின் வந்து காய்ச்சல் பார்த்தாள், மணிக்கட்டைப் பிடித்தாள், இன்னும் ஒரு மணி நேரம்யா என்றாள், "நடுங்கினாரா?" என்று ஆறுக்குட்டியைக் கேட்டாள். அவன் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லீங்க," என்றான், சாட்சி சொல்கிறவனைப்போல. அவள் போனாள். பை மேலிருந்து கீழாகச் சுருங்கிக்கொண்டே வந்தது, சொட்டு விழுந்தது, அடுத்தது விழுந்தது. உள்ளே அந்தகாரத்தில் அவை இன்னும் வரிசையாக நின்று தடவிக்கொண்டுதான் இருக்கும், காலேஜுப் பையனை, யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாத அந்தப் பையனை, இவனா, இவனேதானா என்று. அவற்றிடம் என்ன பேரம் பேசுவது, துண்டுக்கடியில் கத்தினால் கேட்காது. நாச்சிமுத்து தன் கையைப் பார்க்காமலே ஒவ்வொரு விரலாகப் பிரித்தார், முதலில் சுண்டுவிரல், அப்புறம் அடுத்தது, பிரிந்ததும் மறுபடி மூடப் பார்த்தது, பிரித்தார், அந்தக் கோணல் விரல் நடுவில் அப்படியே கிடந்தது. உள்ளங்கை முழுக்க ஈரம், அவனுடையதா தன்னுடையதா என்று தெரியவில்லை, விரல் வழுக்கியது, வழுக்கினால் விட்டுப்போய்விடும் என்று பயமாக இருந்தது. அவர் கட்டைவிரல் மெல்ல நகர்ந்து ஆறுக்குட்டியின் உள்ளங்கையை ஒரு தடவை துடைத்தது. அவன் கை அப்படியே இருந்தது.